ரீச்சர் நினைவு மண்டபம்: திருப்பணி முடிஞ்ச கணக்கும் சில விளக்கங்களும்

அங்கத்தவர்கள் எல்லாருக்கும் வணக்கம். எங்கட கோயிலில ஞாயிறு அறநெறி வகுப்பு எடுத்த ரீச்சரின்ர நினைவாக் கட்டின மேல்மாடி மண்டப வேலை முடிஞ்சுது, பால் காய்ச்சியாச்சு, அறநெறிப் பிள்ளையள் மூண்டு ஞாயிறா மேலதான் இருந்து படிக்குதுகள். கணக்கு பிந்திப்போச்சு எண்டு வட்சப் குறூப்பில நடந்த கதை முழுக்க வாசிச்சனான். திருப்பணிக் காசில ஆற்ற வீட்டுக்கு ரைல்ஸ் பதிச்சது எண்டு ஒருத்தர் அனுப்பின வோய்ஸ் மெசேஜும் கேட்டனான். என்ர வீட்டில இன்னும் சிவப்புச் சீமெந்து நிலம்தான், எப்பவும் வந்து பாக்கலாம்.

முதல் மொத்தத்தைச் சொல்லுறன். எஸ்ரிமேற் 62 லட்சம். முடிஞ்சது 73 லட்சத்து 40 ஆயிரம். கூடின 11,40,000ல 5,80,000 கூரை ஒழுக்குக்கு, 2,35,000 படிக்கு, மிச்சம் 3,25,000 வற் வரி 15 வீதத்தில இருந்து 18க்கு ஏறினதாலயும் வயரிங் கூடினதாலயும். கொட்டேசன் எடுத்தது 2023 நவம்பர், வற் ஏறினது 2024 ஜனவரி, அதுக்கு எங்களில ஏன் கோவிக்கிறியள் எண்டு விளங்கேல்ல.

இப்ப கூரைக் கதை. இதைத்தான் எல்லாரும் கேக்கிறியள், அதால ஒளிக்காமல் எழுதுறன். ரீச்சரின்ர ஆண்டுத் திதிக்கு மண்டபம் திறக்கவேணும் எண்டு நாங்கள் அவசரப்பட்டது உண்மை. 2024 ஏப்ரல் 9 கூரைக் கொங்கிரீற் சிலாப் போட்டது. கொன்ராக்டர் அப்பவே சித்திரைப் புதுவருசம் கழிச்சுப் போடுவமே எண்டு ஒருக்கால் கேட்டவர், அதையும் மறைக்கக்கூடாது. நாங்கள்தான் இல்லை இப்பவே போடுங்கோ எண்டனாங்கள். 11ம் திகதி வேலையாக்கள் எல்லாரும் ஊருக்குப் பஸ் ஏறிட்டினம், திரும்பி வந்தது 22. புதுச் சிலாப்புக்குக் குறைஞ்சது ஏழு நாளாவது தண்ணி காயாமல் நிக்கவேணும், வரம்பு கட்டித் தேக்கிவிடவேணும். ஏப்ரல் வெயில் உங்களுக்குத் தெரியும்தானே. தண்ணி விட ஆள் நிப்பாட்டுறன் எண்டு அவர் சொன்னார் எண்டு நாங்கள், இல்லை கோயில் வோச்சர் விடுவார் எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள் எண்டு அவர். எழுத்தில ஒண்டுமில்லை. வோச்சர் பாவம், விடிய ஒருக்கால் வாளியால தெளிச்சிருக்கிறார், அதுவும் தன்ர மனசுக்கு.

மே கடைசியில மழை பிடிச்சு ஜூன் தொடக்கத்தில கொழும்பில வெள்ளம் வந்துதே, அப்பதான் தெரிஞ்சது. கரும்பலகைச் சுவரில மேல இருந்து கீழ ஒரு ஈரக்கோடு, பக்கத்தில இன்னொண்டு, நாலாம் நாள் நடுவில சொட்டுது. கொன்ராக்டர் வந்து பாத்திட்டு எல்லாச் சிலாப்பும் முதல் மழைக்கு வேர்க்கும் எண்டார். வேர்வைக்கு வாளி வைக்கவேண்டி வரேல்லயே எங்கயும். ஒரு மாதம் போன் எடுக்கேல்ல, பேந்து வந்து மேல பெயின்ற் மாதிரி ஒண்டு பூசிட்டு 40 ஆயிரம் பில் நீட்டினார், அண்டைக்கு என்ர வாயில வந்ததை ஐயர் கேட்டிட்டு உள்ள போயிட்டார், அதுக்கு இதிலயே மன்னிப்புக் கேக்கிறன்.

கொன்ராக்டரையே திருத்த விட்டிருக்கலாம் எண்டு பொருளாளர் உட்பட நாலு பேர் சொன்னவை. எங்கட அங்கத்தவரான ரிட்டயர்ட் எஞ்சினியர் அண்ணை காசு வாங்காமல் மூண்டு தரம் ஏறி வெடிப்புகளைச் சோக்கால அடையாளம் போட்டு, இது பூச்சுக்கு நிக்காது, வெடிப்பை வெட்டித் திறந்து அடைச்சு, மெம்பிரேன் எண்ட தண்ணி புகாத விரிப்பு ஒட்டி, மேல சரிவு வைச்சுச் சாந்து போடவேணும் எண்டவர். வேற ஆக்களைக் கொண்டு செய்தது, அதுதான் 5,80,000. பேந்து தண்ணி போற வழியை அடைச்சு 48 மணித்தியாலம் கூரையில தண்ணி கட்டினது, மட்டத்துக்குச் சோக்கட்டியால கோடு கீறி நான் கீழ கதிரை போட்டு அண்ணாந்து பாத்துக்கொண்டு இருந்தனான், கழுத்துப் பிடிப்பு இன்னும் முழுசா மாறேல்ல. ஒரு சொட்டு விழேல்ல. கொன்ராக்டருக்கு மறிச்சு வைச்ச 3,10,000 குடுக்கேல்ல, மேல சொன்ன மொத்தத்திலயும் அது சேரேல்ல. கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறார், பதில் போட்டிருக்கு.

சுவர், ஜன்னல், பான், லைற், கீழ கை கழுவுற இடம் எல்லாம் ஒழுங்கா முடிஞ்சது.

படிக்கு வாறன். பத்தடி உயரம், ஏழரை அங்குலப்படி வைச்சா 16 படியில முடிஞ்சிருக்கும், பிளானிலயும் அப்பிடித்தான். நாங்கள் ஆறு அங்குலமாக் குறைச்சு 20 ஆக்கி ரெண்டு பக்கமும் கைபிடி போட்டது. முற்றத்தில இடம் போச்சு எண்டு சண்டை. ஆனா ரீச்சர் அந்தப் பழைய இரும்பு ஏணிப்படியில ஏறினதைப் பாத்தவை இதைக் கேக்கமாட்டினம். ஒரு கையில குடை, மற்றக் கையில சேலைக்கொய்யகம், கைபிடி ஒரு பக்கம்தான், அதுவும் துரு. 88 வயசிலயும் மேல வகுப்பு நடந்த தகரக் கொட்டிலுக்கு அப்பிடித்தான் ஏறினவ, பின்னால வாற பிள்ளையள் சத்தமா எண்ணவேணும், தப்பா எண்ணினா எல்லாரும் இறங்கித் திருப்பி ஏறவேணும், தானும் சேத்து.

புது அங்கத்தவர் சிலர் ஆர் அந்த ரீச்சர் எண்டு கேட்டபடியா எழுதுறன். 1929ல வடமராட்சியில பிறந்தவ. மலையகத்தில கொஞ்சக் காலம், பிறகு கொழும்பில. 83 ஜூலையில வெள்ளவத்தை வீடு எரிஞ்சு, ரெண்டு கிழமை அகதி முகாமில இருந்து, லங்கா கல்யாணி கப்பலில காங்கேசன்துறைக்குப் போனவ. அடுத்த வருசமே திரும்பி வந்திட்டா, பிள்ளையளுக்குச் சோதனை வருது எண்டு. 1989ல பென்சன். அடுத்த ஞாயிறே எங்கட கோயிலில வகுப்பு, கொரோனா பூட்டும் வரைக்கும் நிக்கேல்ல. திருவெம்பாவைக்கு விடியப்புறம் சங்குச் சத்தத்துக்கு முதல் அவ வந்து நிப்பா. பஞ்சபுராணம் ஓதேக்க ஒரு எழுத்துப் பிசகினா கண்ணைத் திறக்காமலே கையால நிப்பாட்டுவா, அந்தக் கையை எனக்கும் தெரியும்.

2022 ஜூன் கடைசி, அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் பெற்றோல் எண்டு அறிவிச்ச கிழமை, 93 வயசில போனவ. கனத்தைச் சுடலைக்கு வந்தது 19 பேர், நான் எண்ணினனான். ஆயிரம் பிள்ளை படிப்பிச்சவவுக்கு 19 பேர். இந்த மண்டபம் அதில தொடங்கினதுதான்.

காசு வந்த வழி. ரீச்சர் கோயிலுக்கெண்டு எழுதி வைச்ச வைப்பு 18 லட்சம். வெளிநாட்டுப் பழைய மாணவர் 29,50,000, இதில ரொறன்ரோப் பிள்ளையள் பாதிக்கு மேல, மிச்சம் லண்டன், சிட்னி, ஒரு பொடியன் நோர்வே. உள்ளூரில 19,75,000: செட்டியார் தெரு நகைக்கடை முதலாளி, ஆமர் வீதி ஹாட்வெயார்காரர், ராமகிருஷ்ணா ரோட் புடவைக்கடை அக்கா, ஹம்டன் லேன் பிளட்ஸ் குடும்பங்கள் பதினொண்டு, கொட்டாஞ்சேனைப் பழைய மாணவியர், மூட்டை மூட்டையாச் சீமெந்துக்குக் குடுத்தவை, வெளியில பூக்கட்டுற அம்மா தந்த 2,000, எங்கட வோச்சர் 1,000. பெயர் கல்லில வெட்டேல்ல எண்டு மூண்டு பேர் மனஸ்தாபம். ரியூப்லைற்றில உபயகாரர் பெயர் எழுதி வெளிச்சத்தை மறைக்காதேங்கோ எண்டு ரீச்சர் 90களிலயே சண்டை பிடிச்சவ, அவவின்ர மண்டபத்திலயே நாங்கள் அதைச் செய்யேலாது. எல்லாப் பெயரும் ரசீதுப் புத்தகத்தில இருக்கு.

எல்லாம் சேத்து 67,25,000. துண்டு விழுந்தது 6,15,000. இதில 4,15,000 திருவிழா நிதியில இருந்து எடுத்தது, பொதுச்சபையைக் கேக்காமல். அது பிழை, ஒத்துக்கொள்ளுறன், மேசனுக்குச் சனிக்கிழமை சம்பளம் குடுக்கவேண்டி இருந்தது. ஆடிக்கு முதல் திருப்பி வைப்பம். மிச்ச 2 லட்சம் ஹாட்வெயாருக்குக் கடன், அவரும் உபயகாரர்தான் எண்டு சும்மா விடேலாது.

இந்தப் பதவியில நான் அடுத்த கூட்டம் வரைக்கும்தான், ஆரும் வாறதெண்டா சந்தோசம்.

பில்லுகள் எல்லாம் ரீச்சரின்ர முறையிலயே வைச்சிருக்கு. அவ அறநெறி வகுப்புக் கணக்கை, அஞ்சு ரூபா மெழுகுதிரி வரைக்கும், சீ.ஆர். எண்ட தடிச்ச கொப்பியில எழுதி ரசீதுகளை மாலிபன் பிஸ்கட் ரின்னில மாதம் மாதமா நூல் கட்டி வைச்சவ. அதே ரின்தான், அவவின்ர கட்டுகள் அடியில, எங்கட கட்டுகள் மேல. பாக்க விரும்புற ஆக்கள் ஞாயிறு காலமை 9ல இருந்து 11 வரைக்கும் வாங்கோ. மேல, 20 படி, நான் மேசையில இருப்பன்.

செயலாளர், திருப்பணிச் சபை, வெள்ளவத்தை