நூலகப் பரிந்துரைக்குக் கீழே ஒரு பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் வரும் நூலக வாசிப்பு நிகழ்ச்சிகளையும், அவ்வப்போது வெளியாகும் புதிய வரவுப் பட்டியல்களையும் விடாமல் பார்க்கும் வாசகர்களில் நானும் ஒருத்தி. இரண்டிலுமே எனக்கு ரொம்ப நாளாக ஒரு மனக்குறை உண்டு, கூடவே உங்களிடம் ஒரு கோரிக்கையும் உண்டு. புதிய வரவுகளை வரிசையாகப் போட்டுவிட்டாலே வாசகருக்குப் புத்தகம் பரிந்துரைத்தாகிவிட்டது என்று பல நூலகங்கள் நினைக்கின்றன. அதேபோல் ஒரு மேடைக் கூட்டம் நடத்திவிட்டால் வாசிப்பு நிகழ்ச்சி நடந்துவிட்டது என்றும் நினைக்கின்றன.

பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பக்க எண்ணிக்கை, அவ்வளவுதான் இருக்கும். புத்தகம் வாங்கியிருக்கிறார்கள் என்பது தெரிகிறது, அதை யார் படிக்கலாம், எதற்காகப் படிக்கலாம் என்பது தெரிவதில்லை. நிறையப் படிக்கிறவர்களுக்கு அந்தப் பட்டியலே போதும், ஆசிரியர் பெயரைப் பார்த்தே எடுத்துவிடுவார்கள். ஆனால் பல வருஷம் எதுவும் படிக்காமல் இருந்துவிட்டு, இனி படிக்கலாமே என்று உறுப்பினர் அட்டை வாங்கி உள்ளே வருகிறவர் என்ன செய்வார்? அடுக்குகளுக்கு நடுவே தலையைச் சாய்த்துச் சாய்த்துப் புத்தக முதுகில் இருக்கும் பெயர்களைப் படித்துக்கொண்டே போவார், ஒன்றிரண்டை உருவிப் பின்னட்டையைப் பார்ப்பார், அங்கே எல்லாப் புத்தகத்தையும் ஒரே மாதிரி புகழ்ந்திருப்பார்கள், கடைசியில் எதையும் எடுக்காமல் நாளிதழ் மேசையில் வந்து உட்கார்ந்துவிடுவார். அடுத்த மாதம் அவர் வருவாரா என்பது சந்தேகம்தான். நூலகம் கவலைப்பட வேண்டியது இவரைப் பற்றித்தான்.

கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளை நூலகவியல் படித்த எவரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். புத்தகங்கள் பயன்பாட்டுக்கு உரியவை, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர். இதில் மூன்றாவது விதிதான் எனக்கு எப்போதும் பெரிதாகப் படுகிறது. வாசகர் தேடி வருவார் என்று காத்திருக்காமல், புத்தகத்தின் பக்கம் நின்று அதற்கு ஒரு வாசகரைக் கண்டுபிடிக்கச் சொல்கிறது. வாசகர் தானே உள்ளே போய்த் தொட்டுப் பார்த்து எடுக்கும் திறந்த அடுக்கு முறையை ரங்கநாதன் அவ்வளவு வலியுறுத்தியதும் இதை ஒட்டித்தான். அடுக்கைத் திறந்துவிட்டோம், சரி. அப்புறம்? ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு முன்னால் ஒருவரைத் தனியாக விட்டுவிட்டால், அவருடைய நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்லும் நான்காவது விதி என்ன ஆகிறது?

இதற்குப் பெரிய செலவோ திட்டமோ தேவையில்லை. ஒரு உள்ளங்கை அளவு சீட்டு போதும். நான் பார்த்ததிலேயே நல்ல பரிந்துரை, அடுக்கின் ஓரத்தில் செருகியிருந்த ஒரு கைப்பட எழுதிய சீட்டில் இருந்தது. 'முதல் நாற்பது பக்கம் மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். கிணறு வெட்டும் அத்தியாயம் வந்துவிட்டால் கீழே வைக்க மாட்டீர்கள். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இப்போது எடுக்க வேண்டாம், மனசு தாங்காது. எழுத்து பொடியாக இருக்கிறது, பகலில் படிக்கவும்.' இவ்வளவுதான். 'அருமை', 'அற்புதம்' என்ற சொற்களே அதில் இல்லை. ஆனால் யாருக்கு இந்தப் புத்தகம், யாருக்கு இப்போது வேண்டாம், எங்கே தடுக்கும், எங்கே இழுக்கும், கண்ணுக்குச் சிரமமா என்பது வரைக்கும் சொல்லிவிட்டது. கீழே 'ஓய்வுபெற்ற தையல்காரர் ஒருவர்' என்று போட்டிருந்தது. அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் நான் அந்தப் புத்தகத்தை எடுத்தேன் என்று சொல்லலாம்.

ஆமாம், கீழே ஒரு பெயர் இருக்க வேண்டும் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வருவது. முழுப்பெயர், முகவரி எல்லாம் வேண்டியதில்லை, யார் என்ன படிக்கிறார்கள் என்பது அவரவர் சொந்த விஷயம், நூலகம் அதைக் காப்பாற்றத்தான் வேண்டும். 'ஐந்தாம் வகுப்பு மாணவி', 'இரவுப் பணி செவிலியர்', 'இரவல் பிரிவு நூலகர்', இப்படி விரும்பியவர்கள் விரும்பிய அளவுக்குச் சொன்னால் போதும். நூலகம் பரிந்துரைக்கிறது என்று பொதுவாகச் சொன்னால் அது அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடும். ஒரு ஆள் பரிந்துரைக்கும்போது அதற்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது, படித்துவிட்டுத்தான் எழுதியாக வேண்டும். இணையத்தில் வாங்கும்போது 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' என்று வருகிறதே, அது விற்றதைத்தான் சொல்லும். நூலகத்துக்கு எதையும் விற்க வேண்டிய அவசியம் இல்லை, அந்தச் சுதந்திரம் வேறு யாருக்கும் கிடையாது.

எதைப் பரிந்துரைப்பது என்பதிலும் கொஞ்சம் யோசனை தேவை. விருது அறிவித்த மறுநாளே அந்தப் புத்தகத்தை மேசையில் வைத்து எல்லோரும் படியுங்கள் என்றால், இருப்பது ஒரே பிரதி, முதலில் வந்தவர் எடுத்துப் போய்விடுவார், மற்றவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். அதற்குப் பதிலாக அடுக்கின் உள்பக்கம் போய்ப் பாருங்கள். சில புத்தகங்களைத் திறந்தால் முன்பக்கத் தேதிச்சீட்டில் கடைசி முத்திரை பல வருஷத்துக்கு முந்தையதாக இருக்கும், அதற்கு மேல் யாருமே எடுக்கவில்லை. யாரும் எடுக்காத புத்தகம் ஒருநாள் கழித்துக்கட்டும் பட்டியலில் போய்ச் சேர்ந்துவிடும், அதில் நல்ல புத்தகமும் இருக்கும். பரிந்துரை முதலில் அவற்றுக்குத்தான் தேவை. மாதம் பத்துப் புத்தகத்தை இப்படித் தேர்ந்தெடுத்து, முதுகு தெரியாமல் முன்னட்டை தெரியும்படி வாசல் பக்கம் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டைச் செருகி வைத்தால் போதும். வாசகர்கள் இப்போதுதான் திருப்பிக் கொடுத்த புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கும் தள்ளுவண்டியைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பதை எந்த நூலகத்திலும் பார்க்கலாம். இன்னொருவர் கை பட்ட புத்தகத்தின் மேல் நமக்கு ஒரு நம்பிக்கை வருகிறது.

சீட்டு ஒரு பக்கம் இருக்க, வாய்விட்டுக் கேட்பதும் வேண்டும். அமெரிக்காவில் சியாட்டில் நகர நூலகத்தில் பணியாற்றிய நான்சி பேர்ல் என்ற நூலகர் இந்தப் பரிந்துரைக் கலைக்காகவே பேர் வாங்கியவர். ஒரு புத்தகத்துக்குள் நுழைய நாலு வாசல் உண்டு என்பார்: கதை, பாத்திரங்கள், களம், மொழி. ஒரே நாவலை ரசித்த இருவரில் ஒருவருக்கு அடுத்து என்ன நடக்கும் என்பது பிடித்திருக்கலாம், மற்றவருக்கு அந்த ஊரும் மழையும் பிடித்திருக்கலாம். இருவருக்கும் அடுத்த புத்தகம் ஒன்றாக இருக்க முடியாது. அதனால் 'உங்களுக்கு என்ன மாதிரி புத்தகம் வேண்டும்' என்று கேட்பதை விட, 'நீங்கள் ரசித்துப் படித்த ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டுவிட்டுக் காது கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. ஐம்பது பக்கம் படித்தும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள் என்றும் அவர் சொல்கிறார், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்து மிச்சம் வரும் பக்கம் படித்தால் போதுமாம், எழுபது வயதுக்காரருக்கு முப்பது பக்கம். பிடிக்காத புத்தகத்தை முடித்தே ஆக வேண்டும் என்ற பயத்தில்தான் பலர் படிப்பதையே நிறுத்துகிறார்கள் என்பது என் எண்ணம். நூலகர்கள் இதைச் சொல்லியே புத்தகம் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

இனி நிகழ்ச்சிகள். இதில்தான் எனக்கு உண்மையிலேயே வருத்தம். வாசிப்பு நிகழ்ச்சி என்று அழைப்பிதழ் வருகிறது, போனால் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என்று இரண்டு மணி நேரம் ஓடிவிடுகிறது, புத்தகத்திலிருந்து ஒரு பத்தியைக்கூட யாரும் வாசிப்பதில்லை. வாசிப்பின் பெருமையை ஏற்கெனவே தெரிந்து வந்து உட்கார்ந்திருப்பவர்களிடமே திரும்பவும் வாசிப்பின் பெருமையைப் பேசுகிறோம். வேலைநாளில் காலை பதினொரு மணிக்கு வைத்தால் வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள் என்பது தனிக் கதை.

பத்துப் பன்னிரண்டு பேர், வட்டமாக நாற்காலி, மைக் வேண்டாம், ஒரு சிறுகதை. இப்படி நடத்திப் பார்க்கலாம். நாவலை முன்கூட்டியே படித்துவிட்டு வாருங்கள் என்று சொன்னால் பிரதிக்கு எங்கே போவது, படிக்காதவர்கள் கூச்சப்பட்டு வராமலே இருந்துவிடுவார்கள். சிறுகதை என்றால் இருபது இருபத்தைந்து நிமிஷத்தில் அங்கேயே ஒருவர் நிதானமாக வாசித்து முடித்துவிடலாம், நடுவில் நிறுத்திப் பேசலாம், யாரும் எதையும் தயார் செய்துகொண்டு வர வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ஜேன் டேவிஸ் தொடங்கிய 'தி ரீடர்' என்ற அமைப்பு இப்படித்தான் நூலகங்களிலும் முதியோர் இல்லங்களிலும் சிறைகளிலும்கூடச் சேர்ந்து வாசிக்கும் குழுக்களை நடத்துகிறது. அச்செழுத்தைப் பார்க்க முடியாதவர்கள், எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் என எல்லோரும் சமமாக உட்காரக்கூடிய நிகழ்ச்சி இது ஒன்றுதான். பேச்சைத் தொடங்க 'ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார்' என்று பரீட்சைக் கேள்வி கேட்காமல், 'எந்த இடத்தில் உங்கள் மனசு ஒரு நிமிஷம் நின்றது' என்று கேட்டுப் பாருங்கள், வாயே திறக்காதவர்களும் பேசுவார்கள். பேச விரும்பாதவர்கள் சும்மா கேட்டுவிட்டுப் போகலாம், அதுவும் வாசிப்புதான்.

பேச்சே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு தோழிகள் ஆரம்பித்த 'சைலண்ட் புக் கிளப்' இன்று பல நாடுகளில் நடக்கிறது. ஒரு மணி நேரம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அவரவர் புத்தகத்தை அவரவர் படிப்பது, முடிந்ததும் விருப்பமிருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் என்ன படித்தோம் என்று சொல்வது, அவ்வளவே. வீட்டில் படிக்க இடமும் அமைதியும் இல்லாத எத்தனையோ பேருக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம். பெரிய அளவில் செய்ய நினைத்தால் சியாட்டிலில் 1998-இல் ஊர் முழுக்க ஒரே புத்தகத்தைப் படிக்கச் சொல்லி நடத்திய முயற்சியைப் பார்க்கலாம், அதற்கும் பின்னால் இருந்தவர் நான்சி பேர்ல்தான், பிறகு பல நகரங்கள் அதைப் பின்பற்றின. ஆனால் அதற்கு நிறையப் பிரதிகள் வாங்க வேண்டும், முதலில் பத்துப் பேரோடு ஆரம்பிப்பதே நல்லது.

குழந்தைகளுக்கான கதை நேரம் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கதை சொல்லிகள் ஆடிப் பாடிக் கதை சொல்வது குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கிறது, நடக்கட்டும். ஆனால் நூலகத்தில் சொல்லும் கதை ஒரு புத்தகத்திலிருந்து வர வேண்டும், அந்தப் புத்தகம் குழந்தையின் கண்ணெதிரே திறந்திருக்க வேண்டும், முடிந்ததும் அதையே வீட்டுக்கு எடுத்துப் போக முடிய வேண்டும். 1988-இல் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளிடம் ஒரு ஆய்வு செய்தார்கள். படப்புத்தகத்தை நேராக வாசித்துக்கொண்டே போகாமல், 'இது என்ன செய்கிறது', 'அப்புறம் என்ன ஆச்சு' என்று கேட்டுக் கேட்டு, குழந்தை சொன்ன பதிலைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லிப் படித்தார்கள் பெற்றோர்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு மற்றக் குழந்தைகளைவிட நன்றாக முன்னேறியிருந்தது. இதை நூலகத்தில் ஒருமுறை செய்து காட்டினாலே வந்திருக்கும் அம்மா அப்பாக்கள் பிடித்துக்கொள்வார்கள். அதே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கும் குழந்தையிடம் வேறு எடு என்று யாரும் சொல்லாமல் இருந்தால் சரி.

இதையெல்லாம் நூலகர் ஒருவர் தலையிலேயே கட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். பதிவேடு, இருப்புச் சரிபார்ப்பு, இரவல், நினைவூட்டுக் கடிதம் என்று அவர்களுக்கு வேலை ஓயாது, ஆள் பற்றாக்குறை வேறு. அதனால்தான் வாசகர்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். புத்தகம் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் வெற்றுச் சீட்டும் பேனாவும் ஒரு பெட்டியும் வைத்தால் எழுதுகிறவர்கள் எழுதுவார்கள். எல்லோரும் எழுத மாட்டார்கள்தான், வாரத்துக்கு மூன்று வந்தால்கூட நிறைவு.

உங்களிடம் நான் கேட்பது கால் பத்தி இடம். வாரம் ஒருமுறை, நூலக நிகழ்ச்சி முடிந்தபின் மேடைப் புகைப்படம் போடும் அதே இடம் போதும். வாசகர் எழுதிய மூன்று சீட்டுகள் பெயரோடு, பிறகு அடுத்த வார வாசிப்பு எப்போது, எந்தக் கதை, முன்பே படித்திருக்க வேண்டுமா வேண்டாமா, குழந்தையைக் கூட்டி வரலாமா என்ற நாலு தகவல். நடந்து முடிந்த செய்தியைவிட நடக்கப்போகும் செய்திதான் ஒருவரை வீட்டிலிருந்து கிளப்பும். சீட்டுகளைச் சேர்த்துத் தட்டச்சு செய்து அனுப்பும் வேலையை எங்கள் வாசகர் வட்டமே பார்த்துக்கொள்ளும், நூலகர் ஒருமுறை பார்த்து, அந்தப் புத்தகங்கள் அடுக்கில் இருக்கின்றனவா என்று மட்டும் உறுதி செய்தால் போதும். எந்தக் கிழமைக்குள் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
நூலக உறுப்பினர் ஒருவர்