லயத்துக்கு மேலே மழைமானி வைக்கக் காசு வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். இந்தத் தடவை கேட்பது திருவிழாவுக்கு இல்லை, அதைத் தனியாகக் கேட்போம். மண்சரிவு ஆபத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள, மேல்கணக்கு (தோட்டத்தின் மேல் பிரிவு) லயங்களுக்கு, அதாவது நம்ம வரிசை வீடுகளுக்கு மேலே ஒன்று, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் ஒன்று, பெக்டரிப் பக்கம் ஒன்று என்று தானாகவே மழையை அளந்து பதிகிற மானிகள் வைக்கப் போகிறோம்.

"ஒப்பீஸ் வாசலில்தான் ஒன்று இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்று கூட்டத்தில் ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அது காலையில் ஒரு தடவை பார்த்து எழுதுகிற மானி, ராத்திரி பதினொரு மணிக்குக் கொட்டுகிற மழையின் அளவு நமக்கு விடிந்த பிறகுதான் தெரியவரும். மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிற அளவு இதுதான்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 விழுந்தாலோ வீட்டை விட்டு வெளியேறிவிட வேண்டும். சரி, நம்ம மலையில் இப்போது எவ்வளவு விழுந்திருக்கிறது? பசறை டவுனில் தூறிக்கொண்டிருக்கும்போது இங்கே பேய்மழை அடிப்பதை எத்தனை தரம் பார்த்திருக்கிறோம். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதையும் 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் பாடாய்ப் படுத்தியதையும் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

கருவி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. புனல் வழியாக விழும் தண்ணீர், சீசோ பலகை மாதிரி இருக்கிற இரண்டு சின்னக் கிண்ணங்களில் ஒன்றை நிரப்பும், நிரம்பியதும் அது சாய்ந்து கொட்டிவிட்டு மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்வும் 0.2 மில்லிமீட்டர். அடியில் இருக்கிற காந்தம் ஒரு சுவிட்சைத் தட்ட, டேட்டா லாகர் நேரத்தோடு எண்ணி வைக்கும். 375 சாய்வு என்றால் 75 மில்லிமீட்டர், உடனே சிம் வழியாகக் கமிட்டி ஆட்களின் போனுக்கு மெசேஜ் வரும். கோயில் மணியை அடிப்பது நம்ம வேலை.

மண் ஈரத்தை அளக்கும் சென்சரும் வேண்டும் என்று பொடியன்கள் கேட்டார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்தோம். அது புதைத்த இடத்து ஈரத்தைத்தான் சொல்லும், அதுவும் நம்ம மண்ணுக்கு ஏற்றபடி அளவு சரிபார்த்தால்தான் நம்பலாம். அப்புறம், மானி வந்துவிட்டது என்று யாரும் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் பீலித் தண்ணீர், இதையெல்லாம் மெசேஜுக்குக் காத்திராமல் கிராம சேவகரிடம் சொல்லுங்கள்.

மூன்று மானி, லாகர், பற்றரி, சோலார் தகடு, ஈரம் புகாத பெட்டி, கம்பி வேலி எல்லாம் சேர்த்து நாலு லட்சம் ரூபா எதிர்பார்க்கிறோம். இதில் நமக்கு முக்கியம் பராமரிப்புக் காசு. சவுக்கு இலை புனலை அடைத்தாலோ எறும்பு உள்ளே கூடு கட்டினாலோ கொட்டுகிற மழையிலும் அது பூச்சியம்தான் காட்டும், நாள்கணக்கில் மூடுபனி நின்றால் சோலாரும் படுத்துவிடும். அதனால் ஒரு பங்கை மாற்றுப் பற்றரிக்கும் சிம் கட்டணத்துக்கும் ஒதுக்குகிறோம். வாரம் ஒரு தடவை மானியைத் துடைக்கத் தோட்டத்தின் ஒவ்வொரு கணக்கிலும் இரண்டு பிள்ளைகள் பொறுப்பு.

தோட்டத்தில் இருப்பவர்கள் இருநூறு ரூபா கொடுத்தாலும் பொருளாளரிடம் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பிள்ளைகள் வங்கிக் கணக்கு இலக்கத்தை வீட்டில் கேட்டு வாங்குங்கள், வேறு யாராவது அனுப்பும் இலக்கத்துக்குப் போடாதீர்கள். வரவு செலவு மாதாமாதம் கோயில் பலகையில் ஒட்டப்படும். ஐப்பசி மழைக்கு முன்னால் மாட்டி முடிக்க வேண்டும், ஆவணிக்குள் காசு சேர்ந்தால்தான் அது நடக்கும்.