கேஷ்பேக் தொகையைப் பில்லிலேயே கழிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைக் கால விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் வரும் 'கேஷ்பேக்' என்ற சொல்லை நம்பிப் பொருள் வாங்குபவர்கள், அந்தப் பணத்தைக் கண்ணால் பார்ப்பதற்குள் படும் பாட்டைத் தங்கள் நாளிதழின் வழியே உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

சென்ற தீபாவளியை ஒட்டி ஒரு வாஷிங் மெஷின் வாங்கினேன். 3,000 ரூபாய் திரும்பக் கிடைக்கும் என்று விற்பனையாளர் உறுதியாகச் சொன்னதால்தான், முதலில் பார்த்து வைத்திருந்த விலை குறைந்த மாடலை விட்டுவிட்டு இதை எடுத்தேன். முழுத் தொகையையும் கட்டி முடித்த பிறகே, 15 நாட்களுக்குள் நிறுவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், பில்லையும் சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் வங்கிப் பாஸ்புக்கையும் படமெடுத்து ஏற்ற வேண்டும், அதன் பின்னும் 90 வேலை நாட்கள் காத்திருக்க வேண்டும் என்ற விவரங்கள் தெரியவந்தன. ஸ்டிக்கர் இயந்திரத்தின் பின்புறத்தில் இருந்தது. பொருத்த வந்தவர் குழாயை மாட்டிச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்துவிட்டுப் போயிருந்ததால், நானும் என் மகனும் அதை மறுபடி முன்னால் இழுத்து, செல்போன் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பினோம். படம் தெளிவாக இல்லை என்று விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். மீண்டும் எடுத்து அனுப்பியபோது, பில்லில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்றார்கள். பில்லில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, வங்கியில் அந்த இனிஷியல் என் தந்தையின் முழுப்பெயராக விரிந்திருக்கிறது. நம் ஊரில் வீட்டுக்கு வீடு உள்ள இந்த வழக்கம், இங்கேயே வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்துக்குத் தெரியாமல் இருக்குமா? விளக்கம் எழுதி அனுப்புவதற்குள் 15 நாள் கெடு முடிந்துவிட்டது. கடையில் கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார்கள், கம்பெனியில் கேட்டால் கடையைக் கைகாட்டுகிறார்கள்.

விளம்பரம் தமிழில் இருந்தது, நிபந்தனைகளோ அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தன. தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், விளம்பரத்தில் சொல்லப்படும் வாக்குறுதி எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் அதற்கான நிபந்தனைக் குறிப்பும் இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கின்றன. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கும் அதிகாரத்தை, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆணையத்துக்கு அளித்திருக்கிறது. அப்படியிருந்தும் பண்டிகைதோறும் இதே பொடி எழுத்துதான் அச்சாகிறது.

அமெரிக்காவில் அட்டைப்பெட்டியின் பார்கோடை வெட்டி, ரசீதோடு தபாலில் அனுப்பிப் பணம் பெறும் முறை வெகுகாலமாக உண்டு; அங்கும் மக்களுக்கு இதே மனக்குறைதான். மறந்தவர்கள், அலுத்துப்போய்ப் பாதியில் விட்டவர்கள் ஆகியோரின் பணமெல்லாம் நிறுவனத்திடமே தங்கிவிடுகிறது என்பதால், இதை எளிதாக்க அவர்களாக முன்வரப்போவதில்லை.

குறிப்பிட்ட வங்கியின் கார்டைத் தேய்த்தால் அந்த நிமிடமே தள்ளுபடி தரும் அதே கடையில், கேஷ்பேக் தொகையை மட்டும் பில்லில் கழிக்க இயலாது என்பதை ஏற்க முடியவில்லை. அவ்வாறு கழிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தைத் திருத்தி அனுப்ப, நிராகரித்த நாளிலிருந்து குறைந்தது 30 நாட்களாவது அவகாசம் தர வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் என் புகாரைப் பதிவு செய்துள்ளேன். இதே நிலையில் இருக்கும் மற்ற வாசகர்களும் பில்லையும் நிராகரிப்புக் குறுஞ்செய்தியையும் பத்திரமாக வைத்துக்கொண்டு புகார் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்.