போன் விஷயமாகப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

கடலூர் முதுநகர்

அன்புள்ள பெற்றோருக்கும், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா, ஆயாக்களுக்கும் வணக்கம்.

இந்தப் பருவத்திலிருந்து 3, 4, 5ஆம் வகுப்புகளுக்கு வாரம் இரண்டு பாடவேளை கணினி வகுப்பு நடக்கிறது. “கம்ப்யூட்டர் கிளாஸ்னு சொல்றீங்க, புள்ள வந்து கோலம் போட்டோம்னு சொல்லுதே சார்” என்று இரண்டு மூன்று பேர் வாசலிலேயே என்னை மடக்கிவிட்டீர்கள். கேட்டது நியாயம்தான்.

ஆமாம், கோலம்தான். ஒரு பிள்ளை நோட்டில் உள்ள கோலத்தைப் பார்த்துச் சொல்லும். இன்னொரு பிள்ளை அதைப் பார்க்காமல் கரும்பலகையில் போடும். ‘ஏழு புள்ளி, நாலு வரை, இடுக்குப் புள்ளி’ என்று நம் வீட்டுப் பெண்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்களே, அது ஒரு முழு நிரல், அதாவது கணினிக்கு வரிசையாகச் சொல்லும் கட்டளைகள். நடு வரிசையில் 7 வை, மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டு போ, 4 வந்ததும் நிறுத்து. எண்ணினால் 37 புள்ளி. ‘நிறுத்து’ என்று சொல்ல மறந்த பையனின் கோலம் 3, 2, 1 என்று ஓடிக் கூம்பாகிவிட்டது. வகுப்பே சிரித்தது. நிறுத்தும் இடத்தைச் சொல்லாவிட்டால் கணினியும் இப்படித்தான் என்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த மாதம் இதையே ஸ்க்ராட்சில் செய்வார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பிள்ளைகளுக்காக உருவாக்கி 2007இல் வெளியிட்ட மென்பொருள் அது. இலவசம். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். நம்மிடம் இருக்கும் ஆறு கணினிகளில் நான்குதான் ஓடுகின்றன. மற்ற இரண்டை உப்புக் காற்று தின்றுவிட்டது. நான்கு போதும், பகிர்ந்துகொள்வார்கள்.

சரி, நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக.

போன பருவத்தில் ஒரு பிள்ளை சில நாட்களாகச் சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே மூடியது. யார், எந்த வகுப்பு என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். போனில் ஆடும் விளையாட்டில் ஓர் ‘அண்ணன்’ பழக்கமாகியிருக்கிறான். முதலில் விளையாட்டுக் காசு கொடுத்தான். அப்புறம் போட்டோ கேட்டான். அதற்கும் அப்புறம், அப்பா போனுக்கு ஒரு எண் வரும், அதைப் படித்துச் சொல் என்றான். நல்லவேளையாக எண்ணைச் சொல்லவில்லை. ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று டீச்சர் கேட்டதற்கு, “சொன்னா அடி விழும் டீச்சர், போனையும் புடுங்கிடுவாங்க” என்றது. பத்து நாள் அந்தப் பயத்தை அது தனியாகச் சுமந்திருக்கிறது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பிள்ளை இப்படி ஒன்றைச் சொல்ல வந்தால், அந்த நேரத்தில் திட்டாதீர்கள், போனைப் பிடுங்காதீர்கள். “சொன்னது நல்லதாச்சு” என்று மட்டும் சொல்லுங்கள். கோபத்தை மறுநாளைக்குத் தள்ளி வையுங்கள். அந்த ஆள் அனுப்பியதை அழிக்காமல் வைத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். பிள்ளைக்கு உதவி என்றால் 1098, குழந்தைகள் உதவி எண். பணம் போய்விட்டால் 1930, சைபர் மோசடிப் புகார் எண், அதுவும் உடனே. அந்தப் பணம் எங்கேயாவது கணக்கில் நிற்கும்போதே தடுத்தால்தான் உண்டு. ‘மாமாவைக் கேட்டுக்கிட்டு நாளைக்குப் பண்ணலாம்’ என்று விட்டால் கைமாறிப் போய்விடும்.

ஏமாறுவது பிள்ளைகள் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். ‘கரண்ட் பில் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்’ என்று எனக்கே குறுஞ்செய்தி வந்தது. பில் கட்டியதும் ஞாபகம் இருக்கிறது, ஆனாலும் அந்த எண்ணுக்குப் போன் செய்துவிட்டேன். ஒரு செயலியை இறக்கச் சொன்னான், பாதி இறக்கியும்விட்டேன். என் மகள் வந்து போனைப் பிடுங்கினாள். (அன்றைக்குப் பிடுங்கியது சரிதான்.) இதை 5ஆம் வகுப்பில் அப்படியே சொன்னேன். பாடம் நடத்தும்போது அவ்வளவு கவனமாக அவர்கள் கேட்டதே இல்லை.

அந்த வகுப்பு இப்போது என்னைவிட உஷார். ஐப்பசி மழையில், ‘நாளை கடலூர் மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றியது நினைவிருக்கும். மறுநாள் பாதி வகுப்பு காலி. அந்தப் படத்தைப் பலகையில் ஒட்டி, என்ன தப்பு, கண்டுபிடியுங்கள் என்றேன். தேதிக்குப் பக்கத்தில் வியாழன் என்று இருக்கிறது, அந்தத் தேதி இந்த வருஷம் வெள்ளிக்கிழமைதானே என்றது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண். போன வருஷத்துப் படம். மாவட்ட ஆட்சியர் விடுமுறை விட்டால் செய்தியில் வரும், நம் பள்ளிக் குழுவிலும் நான் போடுவேன். அதில் வராவிட்டால் பிள்ளையை அனுப்பிவிடுங்கள்.

இன்னும் இரண்டொன்று. உதவித்தொகை வந்திருக்கிறது என்று பிள்ளையின் பெயர், வகுப்பு எல்லாம் சொல்லிப் பேசினாலும் நம்பாதீர்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் தேவை. பின்னைக் கேட்டாலே போனை வைத்துவிடுங்கள். பள்ளியிலிருந்து யாரும் ஓடிபி கேட்க மாட்டோம். யூனிஃபார்மில் பள்ளிப் பெயர் தெரியும் போட்டோவை ஸ்டேட்டஸில் வைக்க வேண்டாம். நாங்களும் உங்களைக் கேட்காமல் போட மாட்டோம். பிள்ளை தானாக வாட்ஸ்அப் கணக்கு தொடங்கவே 13 வயது ஆக வேண்டும், நம் பள்ளியில் யாருக்கும் அந்த வயது இல்லை. ராத்திரி போன் சார்ஜ் ஏறுவது கூடத்தில் இருக்கட்டும், பிள்ளையின் பாயருகே வேண்டாம்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு 5ஆம் வகுப்புப் பிள்ளைகளே உங்கள் போனில் இதையெல்லாம் சரிசெய்து காட்டப் போகிறார்கள். அப்பா கடலுக்கோ ஷிப்டுக்கோ போயிருந்தால் ஆயாவை அனுப்புங்கள், பகலில் போன் அவர் கையில்தானே இருக்கிறது. சார்ஜ் போட்டுக்கொண்டு வரவும், பள்ளியில் பிளக் பாயின்ட் குறைவு.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்