மரத்தை எண்ணிவிட்டு மையக்கோடு போடுங்கள்

சாலை விரிவாக்கத்துக்குத் திட்ட அறிக்கை தயாரிக்கும் நெடுஞ்சாலைப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். சாலை வேண்டாம் என்று எழுத வரவில்லை. லாரிக்குப் பின்னால் ஊர்ந்து, வளைவில் முந்தப் பார்த்து உயிரை விடுகிறவர்கள் இருக்கும்வரை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. நான் கேட்பது வேலையின் வரிசையை மாற்றச் சொல்லித்தான்.

இப்போது வரைபடத்தில் முதலில் சாலையின் மையக்கோடு விழுகிறது. அதிலிருந்து இரு பக்கமும் இத்தனை மீட்டர் என்று அளந்த பிறகுதான், உள்ளே மாட்டிய மரங்களுக்குப் பெயிண்டில் எண் போட ஆள் வருகிறார். மின்கம்பம், குடிநீர்க் குழாய் இவற்றோடு மரமும் ‘இடையூறு’ கணக்கில் சேர்ந்துவிடுகிறது. கம்பத்தைப் பிடுங்கி நாலடி தள்ளி நட்டுவிடலாம். எண்பது வருஷப் புளியமரத்தை என்ன செய்வீர்கள்? வேரோடு பெயர்த்து நடுகிறோம் என்கிறார்கள். ஆலும் அரசும் அதைத் தாங்கலாம். ஆணிவேர் ஆழமாக இறங்கிய முதிர்ந்த புளி பெரும்பாலும் தாங்காது. இது உங்களுக்கும் தெரியும்.

இரு பக்கமும் சமமாக அகலப்படுத்தினால் இரண்டு வரிசையும் போகும். ஒரு பக்கமாக மட்டும் அகலப்படுத்தினால் ஒரு வரிசை தப்பும். அகலப்படுத்தும் பக்கத்து வரிசையையும் நடுத்திட்டாக வைத்து அதற்கு அப்பால் புதிய பாதை போட்டால், அரளிச் செடிக்குச் செலவழிக்கவும் வேண்டாம். (அரளியை மாடு தின்னாது, சரி. அதன் நிழலில் யார் நிற்பது?) இது புது வித்தை இல்லை, நீங்கள் படித்த பாடம்தான். நிலம் எடுப்பது ஒரு பக்கத்தில் கூடும், வீடுகள் இருக்கும் இடத்தில் முடியாமல் போகும், ஒப்புக்கொள்கிறேன். முடிகிற இடங்களிலாவது அதை வரைந்து பார்த்தீர்களா என்பதே கேள்வி.

தென்மாவட்டங்களில் இன்றும் மங்கம்மாள் சாலை என்று சொல்கிறோம். மதுரையை ஆண்ட அந்த அரசி சாலையோடு சத்திரத்தையும் நிழல் மரத்தையும் சேர்த்தே யோசித்தாள். உங்கள் துறையே வருஷந்தோறும் சாலையோரப் புளிக்கு மகசூல் ஏலம் விடுகிறது. மாசி, பங்குனியில் தொரட்டியால் உலுக்கி, கீழே தார்ப்பாய் விரித்து, பெண்கள் குந்தியபடி பொறுக்குவதை ஜீப்பில் போகும்போது பார்த்திருப்பீர்கள். இளநீர்க் கடை, பஸ் நிறுத்தம், பொந்தில் புள்ளி ஆந்தை எல்லாம் அந்த ஒரே மரத்தடியில்தான். மதிப்பீட்டிலோ அது விறகு விலைக்கு வருகிறது.

மேற்கு வங்கத்தில் ஜெசோர் சாலையில் ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டும் வழக்கில், உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு 2021இல் ஒரு கணக்குச் சொன்னது: மரத்தின் வயதை 74,500 ரூபாயால் பெருக்குங்கள். அப்படிப் பார்த்தால் எண்பது வயதுப் புளி ஏறக்குறைய 60 லட்சம். அந்தத் தொகையைத் திட்டச் செலவில் எழுதிப் பாருங்கள், மையக்கோடு தானாக நகரும்.

ஒன்றுக்குப் பத்துக் கன்று நடுகிறோம் என்ற பதிலை எதிர்பார்க்கிறேன். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் தண்ணீர் லாரி நின்றுவிடும். கம்பிக்கூண்டு மட்டும் நிற்கும். இருக்கிற மரத்தின் அடிவரை தார் போட்டு, வடிகால் பள்ளத்துக்கு ஜேசிபி வேரை அறுத்துவிட்டு, ஐப்பசிக் காற்றில் அது சாய்ந்ததும் ‘ஆபத்தான மரம்’ என்று கோப்பில் எழுதுவதும் நடக்கிறது.

100 கிலோமீட்டருக்குள் முடியும் தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை. அதனால் மக்கள் கருத்துக் கேட்பும் கிடையாது. ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவிடம் கோப்பு போகும்போது வரைபடம் முடிந்திருக்கும். வெட்டலாமா என்று கேட்கிறார்கள், வேறு வழி உண்டா என்று கேட்பதில்லை.

வேறு வழி உண்டு. ஓசூர், சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி போகும் அதே 44ஆம் எண் சாலை, நாக்பூருக்கு வடக்கே பெஞ்ச் புலிக்காட்டைக் கடக்கிறது. அங்கே ஒன்பது இடங்களில் சாலையைத் தூக்கிக் கட்டி விலங்குகளுக்கு அடியில் வழி விட்டார்கள். அவற்றில் மிக நீளமானது 750 மீட்டர். 2019இல் கேமரா வைத்துப் பார்த்தபோது புலி உட்பட 18 வகைக் காட்டு விலங்குகள் அந்த ஒன்பது வழிகளில் போய்வந்தன. நீதிமன்றப் படியேறிய பிறகு கிடைத்த வழி அது. கட்டியவர்கள் உங்களைப் போன்ற பொறியாளர்கள்தான்.

ஆகவே, அடுத்த திட்ட அறிக்கையில் மர வரைபடத்தை முதல் தாளாக வையுங்கள்: இனம், சுற்றளவு, உத்தேச வயது. எந்த மரத்தை வெட்டாமல் விடவே முடியாது, ஏன் என்று மரவாரியாக ஒரு வரி எழுதுங்கள். ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே அதைத் தமிழில் அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டிவிடுங்கள். கிராம சபையில் படித்துவிட்டுப் பதில் எழுதுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் சாலையில் பஸ்ஸில் வேலைக்குப் போகும் ஒருவர்