ரேடியோவை வைக்கும் இடத்தில் பெட்டரியையும் வையுங்கள்

மலையக அருங்காட்சியகங்களையும் பாடசாலைக் கண்காட்சிகளையும் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு ஆனதை ஒட்டி 2023இல் நடந்த மலையகம் 200 நினைவுகூரல்களின்போது, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து எத்தனையோ பழைய பொருட்கள் வெளியே வந்தன. கொழுந்துக் கூடை, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, அம்மி, தப்பு மேளம் என்று மேசைகள் நிறைந்தன. நான் போய்ப் பார்த்த சில இடங்களில் ஒரு வால்வு ரேடியோவும், அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்திய கண்ணாடிக் குழாய் ரேடியோவும், இருந்தது. நன்றாகத் துடைத்து, 'பழைய வானொலிப் பெட்டி' என்று அட்டை எழுதி வைத்திருந்தார்கள். அந்த ரேடியோவின் பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பாதி இடம் வெறுமையாகக் கிடக்கும். அது பெட்டரி இருந்த இடம். அதைப் பற்றி எந்த அட்டையிலும் ஒரு வரி கூட இல்லை.

லயத்தில் ரேடியோ கேட்ட கதையில் பாதி அந்த வெறுமையான இடத்தில்தான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பிளக்கைச் சொருகினால் பாடும் பெட்டியாக ரேடியோவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது விளங்காது. பெட்டரியில் ஓடும் வால்வு ரேடியோவுக்கு இரண்டு வகை மின்சாரம் வேண்டும். வால்வுக்குள் இருக்கும் மெல்லிய இழையைச் சூடாக்க 1.4 வோல்ட் போதும். சூடான இழையிலிருந்து கிளம்பும் இலத்திரன்களை வால்வுக்குள்ளேயே இருக்கும் உலோகத் தட்டுக்கு இழுக்கத்தான் பெரிய அழுத்தம் தேவை, பெரும்பாலும் 90 வோல்ட். நாகமும் (துத்தநாகம்) கரியும் கொண்ட ஒரு உலர் கலம் தருவது 1.5 வோல்ட். ஆகவே 90 வோல்ட்டுக்கு 60 கலங்களை வரிசையாகக் கோர்த்து, மெழுகோ தாரோ ஊற்றி, ஒரு கடதாசிப் பெட்டிக்குள் அடைத்தார்கள். இதைவிடப் பழைய செட்டுகளுக்கு இழையைச் சூடாக்க 2 வோல்ட் ஈய அமிலப் பெட்டரி தனியாக இருந்தது. கண்ணாடிச் சாடி, உள்ளே அமிலம், மேலே தூக்கிப் போகக் கைப்பிடி. அது இறங்கியதும் டைனமோ ஓடும் இடத்துக்குச் சுமந்து போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். உலர் பெட்டரிக்கு அந்த வழியும் கிடையாது. தீர்ந்தால் தீர்ந்ததுதான், புதிது வாங்க வேண்டும்.

வாங்குவது எவ்வளவு கனமான செலவு என்பதற்கு வேறு நாட்டிலிருந்து ஒரு கணக்குச் சொல்கிறேன். 1949இல் வட ரொடீசியாவில், இன்றைய சாம்பியாவில், சாதாரண மக்களுக்கென்றே எவர் ரெடி நிறுவனம் ஒரு மலிவு ரேடியோ செய்து கொடுத்தது. சட்டியைப் போன்ற வட்ட உலோக உடல் அதற்கு. ரேடியோ 5 பவுண், அதன் பெட்டரி 1 பவுண் 5 சிலிங். ரேடியோ விலையில் கால் பங்கைப் பெட்டரிக்கே கொடுக்க வேண்டியிருந்தது. அது ஏறக்குறைய 300 மணி நேரம் தாங்கியது, அதாவது தினமும் மூன்று மணி நேரம் கேட்டால் மூன்று மாதத்துக்குச் சற்று மேல். மலிவாகக் கொடுக்க வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்த இடத்திலேயே நிலைமை இது.

நாட் சம்பளத்தில் வாழும் ஒரு குடும்பம் அப்படிக் கால் பங்கு, கால் பங்காகத் திரும்பத் திரும்பக் கொடுப்பது எப்படி? அதனால்தான் ரேடியோ முதலில் தோட்டத்தை நடத்தும் தொரையின் பங்களாவிலும் கிளாக்கர், கண்டக்டர் போன்ற தோட்ட உத்தியோகத்தர் வீடுகளிலும் பாடியது. தொழிலாளரை மேய்க்கும் கங்காணி வீட்டிலோ கடையிலோ ஒன்று வந்தால் வாசலில் கூட்டம் கூடியது. மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். செய்திக்கும் பாட்டுக்கும் மட்டும் திறந்துவிட்டு, உடனே மூடிவிடுவார்களாம். கஞ்சத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் காசு கரைந்தது. இலங்கை வானொலியை அவர்கள் அவ்வளவு கூர்ந்து கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

மலைக் குளிரும் சேர்ந்துகொண்டது. நுவரெலியா பக்கம் தை மாசியில் உறைபனி விழும். குளிரில் உலர் கலத்தின் இரசாயன வேலை மந்தமாகி, பெட்டரி இருந்தும் குரல் தேயும். இறங்கிய பெட்டரியை வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்சம் கேட்ட கதை மூடநம்பிக்கை அல்ல. சூடு ஏறினால் வேலை கொஞ்சம் வேகப்படும், உயிர் கொஞ்சம் நீளும்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. மலைநாட்டில் நோர்டன் பிரிட்ஜ் என்ற இடத்தில் தண்ணீரைத் தேக்கி, 1950இல் லக்ஷபான மின் நிலையம் ஓடத் தொடங்கியது. பொறியியலாளர் விமலசுரேந்திரா பல ஆண்டுகள் போராடிய திட்டம், நாடு பெருமைப்பட வேண்டிய திட்டம்தான். ஆனால் அந்த மின்சாரம் தேயிலை மலைகளுக்கு மேலாகக் கம்பியில் கொழும்புக்குப் போனது. கம்பிக்குக் கீழே இருந்த லயங்களில் குப்பி விளக்கு. அந்த லயத்தில் ஒரு ரேடியோ பாடியதென்றால் கடதாசிப் பெட்டிக்குள் அடைத்த 60 கலங்களின் தயவால்தான். ரேடியோவை மட்டும் மேசையில் வைத்தால் பிள்ளைகள் அதைப் பழைய அலங்காரப் பொருளாக நினைப்பார்கள். பக்கத்தில் பெட்டரியையும் வைத்தால், கரண்ட் ஏன் இல்லை என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வர வேண்டும்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

உங்களிடம் இருப்பது பெட்டரி ரேடியோவா என்று முதலில் பாருங்கள். வால்வில் அச்சிட்ட பெயர் ஆங்கில 'டி' (D) எழுத்தில் தொடங்கினால், டி.கே.91, டி.எல்.92 என்பது போல, இழை பெட்டரிக்காகவே செய்யப்பட்டது. 'இ' (E) அல்லது 'யு' (U) என்றால் பெரும்பாலும் கரண்ட் செட். எதுவானாலும், வேலை செய்கிறதா பார்ப்போம் என்று 230 வோல்ட்டில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பெட்டரி செட்டிலும் வயரை மாற்றிக் கொடுத்தால் 90 வோல்ட் இழைக்குப் போய், நாலு வால்வும் ஒரு நொடியில் எரிந்துவிடும். அப்படிப்பட்ட வால்வை இன்று தேடிப் பிடிப்பது பெரும் பாடு.

பழைய பெட்டரிப் பெட்டி ஒன்று எங்காவது பரணில் கிடைத்தால் குப்பை என்று எறியாதீர்கள். வெள்ளையாகப் பூத்து, கசிந்து இருக்கும். கையுறை போட்டு எடுங்கள், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள், நெருப்பில் போடவே கூடாது. நாகத்தில் பாதரசம் கலந்த கலங்களும் உண்டு. கசிந்த கலங்களை அகற்றினாலும் கடதாசிப் பெட்டியையும் அதில் அச்சிட்டிருப்பதையும் அப்படியே காப்பாற்றுங்கள். இப்படிப் பெட்டிகள் மிஞ்சுவதே அபூர்வம். டிரான்சிஸ்டர் வந்தபின் டோர்ச் பெட்டரியே போதுமென்றாகி, 90 வோல்ட் பெட்டி கடைகளிலிருந்து மறைந்தது.

ரேடியோவைப் பாட வைக்கவும் முடியும். பத்து 9 வோல்ட் பெட்டரிகளை வரிசையாகக் கோர்த்தால் 90 வோல்ட், இழைக்கு ஒரு பெரிய டோர்ச் பெட்டரி. பழைய பெட்டிக்குள்ளேயே இவை அடங்கும். ஆனால் 90 வோல்ட் கையில் அடிக்கும். வேலை தெரிந்த ஒருவர் மின்தேக்கிகளைச் சோதித்து மாற்றிய பிறகு, மூடிய நிலையில் மட்டும் ஓட்டுங்கள்.

அட்டையில் இரண்டு வரி கூட்டி எழுதுங்கள்: பெட்டரி எத்தனை வோல்ட், எந்தத் தோட்டத்தில் யார் வீட்டில் இருந்தது. பெட்டரி வாங்க எந்த டவுனுக்குப் போனார்கள், சார்ஜ் ஏற்ற யார் சுமந்தார்கள், யார் வாசலில் கூடிக் கேட்டார்கள் என்று மூத்தவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவுக்கும் இந்தியப் பிரதமர் சாஸ்திரிக்கும் இடையில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவானபோது அந்தச் செய்தி தங்கள் லயத்துக்கு எப்படி வந்தது என்றும் கேளுங்கள். அதை ரேடியோவில் கேட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இந்த வருடமே கேட்டுவிடுங்கள்.

செட்டைத் திறந்து பார்க்கவோ பெட்டரிப் பெட்டியைச் சுத்தம் செய்யவோ ஆள் வேண்டுமென்றால் நான் வரத் தயார், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கம் பழைய ரேடியோ திருத்தும் ஒருவன்