ராணுவ மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கு ஏன் முப்பதே இடம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புனே ராணுவ மருத்துவக் கல்லூரியின் இன்டர்வியூவுக்கு யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்ற பட்டியல் போன வாரம் வந்தது. எங்கள் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருக்கும் பையனின் நம்பர் அதில் இருக்கிறது. என் மகளின் நம்பர் இல்லை. நீட்டில் அவனை விட அவள் ஒன்பது மார்க் அதிகம். இரண்டு பேரும் ஒரே டியூஷன், ஒரே வகுப்பு, விருப்பப் பதிவு செய்ததும் ஒரே நாள் சாயங்காலம், எங்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்துதான்.

அந்தப் பையன் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன், நன்றாகப் படிக்கிறவன், நல்ல டாக்டராக வருவான். என் வீட்டுக்காரர் தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறார், இன்டர்வியூவுக்குப் போட்டுக்கொண்டு போக அவனுக்கு வெள்ளைச் சட்டை அவர்தான் தைத்துக் கொடுத்தார். பட்டன் தைக்கும்போது என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு ராத்திரிதான் இதைப் பத்திரிகைக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஒன்பது மார்க் அதிகம் வாங்கியவளைக் கூப்பிடாமல் குறைவாக வாங்கியவனைக் கூப்பிடுவது எப்படி என்று கேட்பீர்கள். இதில் தப்பு எதுவும் நடக்கவில்லை, அந்தக் கல்லூரியின் விதியே அப்படித்தான். எம்.பி.பி.எஸ்ஸுக்கு அங்கே ஆண்டுக்கு 150 இடம். நட்பு நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு 5 போக மீதி 145. அதில் பையன்களுக்கு 115, பெண்களுக்கு 30. இரண்டு பட்டியல், இரண்டு கட்-ஆஃப். பெண்களுக்கான கட்-ஆஃப் எப்போதும் உயரத்தில்தான் நிற்கும், ஏனென்றால் இடம் அவ்வளவு குறைவு.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், நம் ஆட்கள் நிறையப் பேருக்கு இந்தக் கல்லூரியைப் பற்றியே தெரியவில்லை. இப்போதெல்லாம் டாக்டர் படிப்புக்கு இன்டர்வியூ என்பதே அநேகமாகக் கிடையாது. நீட் மார்க், ரேங்க், அப்புறம் கவுன்சலிங் ரவுண்டு, எந்தக் கல்லூரி என்று ஸ்கிரீனில் வந்துவிடும், உங்கள் முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. முன்பு வேலூர் சி.எம்.சி.யில் தனியாகத் தேர்வு வைத்து, நேரில் கூப்பிட்டுப் பேசித்தான் எடுப்பார்கள், நீட் வந்தபிறகு அதுவும் போய்விட்டது. ராணுவக் கல்லூரியில் மட்டும் பழைய முறை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நீட் மார்க்கை வைத்து ஒரு பட்டியல் போட்டுப் புனேக்குக் கூப்பிடுவார்கள். அங்கே ஆங்கிலமும் தர்க்க அறிவும் சோதிக்கிற அரை மணி நேரக் கம்ப்யூட்டர் தேர்வு, மனோதத்துவச் சோதனை, 50 மார்க்குக்கு இன்டர்வியூ, பிறகு உடல் தகுதிப் பரிசோதனை. படித்து முடித்தவர்கள் ராணுவ மருத்துவ அதிகாரியாக வேலை பார்த்தாக வேண்டும், பெண்களும்தான். டியூஷன் ஃபீஸ் கிடையாது.

மும்பைத் தமிழர்களுக்கு இதில் இன்னொரு பெரிய நிம்மதி உண்டு. மகாராஷ்டிரா ஒதுக்கீட்டில் சீட் வேண்டுமென்றால் டொமிசைல் சர்டிபிகேட் வேண்டும், பத்தாவதும் பன்னிரண்டாவதும் இங்கேயே படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் கேட்கலாம் என்றால் பூர்வீகச் சான்றுக்காக ஊருக்கும் இங்கேயும் அலைய வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டு மாநிலத்தையும் சொந்த மாநிலம் என்று சொல்லவும் முடியாது. பிழைக்க வந்த குடும்பங்களுக்கு இந்தக் காகிதங்களைச் சேர்ப்பதிலேயே பாதி உயிர் போய்விடும். ராணுவக் கல்லூரியில் எந்த மாநிலம் என்ற கேள்வியே இல்லை, இந்தியா முழுக்க ஒரே பட்டியல். அதனால்தான் இந்தக் கல்லூரி எங்களை மாதிரிக் குடும்பங்களுக்கு ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன்.

என் மகள் ஏழாவது வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். அதற்கப்புறம்தான் இங்கிலீஷ் மீடியம். ராணுவ டாக்டர் ஆசை அவளுக்கு என் மாமனாரிடமிருந்து வந்தது. அவர் வேலூர் மாவட்டத்துக்காரர், ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். மலைமேல் கூடாரத்துக்குள் ஆஸ்பத்திரி நடத்தியது, குளிரில் சலைன் பாட்டிலைக் கோட்டுக்குள் வைத்துச் சூடாக்கியது, இதெல்லாம் சொல்லிச் சொல்லி வளர்த்தார். "நான் மருந்து எடுத்துக் கொடுக்கிற ஆளாகத்தான் இருந்தேன், நீ எழுதிக் கொடுக்கிற ஆளாகப் போ" என்பார். போன வருஷம் தவறிவிட்டார்.

நீட் ரிசல்ட் வந்ததிலிருந்து பட்டியல் வரும்வரை வீடு இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும். இன்டர்வியூவுக்குக் கண்டிப்பாகக் கூப்பிடுவார்கள் என்று அவள் நம்பினாள். அந்த ஆங்கிலத் தேர்வு அவளுக்குப் பயம், அதனால் தினமும் காலையில் இங்கிலீஷ் பேப்பரைச் சத்தமாக வாசிப்பாள், கடைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் அவள் அப்பா நின்று கேட்பார், அவருக்கு முக்கால்வாசி புரியாது, ஆனாலும் கேட்பார். சாயங்காலம் அந்தப் பையனும் வருவான். ஒருவர் அதிகாரி மாதிரி உட்கார, இன்னொருவர் நின்று பதில் சொல்ல வேண்டும். ஏன் ராணுவம், சிவில் ஆஸ்பத்திரி போதாதா, உங்கள் ஊர் எது, மும்பை என்றால் மராத்தி தெரியுமா, இப்படிக் கேள்விகள். சமையல் செய்துகொண்டே கேட்டுக்கேட்டு அந்தப் பதில்கள் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டன. இடையில் மழை வேறு, குர்லா பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் நின்று ரயில் நின்றுபோன அன்றைக்கு, "அம்மா, இன்டர்வியூ அன்னைக்கு இப்படி ஆச்சுன்னா? நாம முதல் நாளே புனே போயிடணும்" என்றாள். கூப்பிடவே இல்லை, தங்குவதற்கு இடம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டோம்.

அந்த நாட்களில் வேறு எதிலும் அவளுக்கு மனம் போகவில்லை. மாநில கவுன்சலிங்குக்குக் காகிதம் தயார் செய்ய வேண்டும், செய்தாள், ஆனால் அரை மனதோடு. போன் ஒலித்தால் ஓடுவாள், மெயிலைத் திறந்து திறந்து பார்ப்பாள். பதினெட்டு வயதுப் பெண், நன்றாகத் தூங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. பட்டியல் வந்ததும் தன் நம்பரை ஒரு தடவை தேடினாள், அப்புறம் அவன் நம்பரைத் தேடினாள், மாடிக்கு ஓடிப்போய் அவனுக்கு முதலில் சொன்னது அவள்தான்.

சரி, கூப்பிடவில்லை, அவளுக்கு வேறு அரசுக் கல்லூரியில் சீட் கிடைத்துவிடும், அந்த அளவுக்கு மார்க் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கதை அதோடு முடிந்தும் போகும். ஆனால் 115, 30 என்ற கணக்கு முடியவில்லையே. அடுத்த வருஷம் இன்னொரு வீட்டில் இன்னொரு பெண் இதே மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

2025 நீட்டில் தேறிய 12.36 லட்சம் பேரில் 7.2 லட்சத்துக்கும் மேல் பெண்கள். தேறியவர்களில் பாதிக்கும் மேல் பெண்களாக இருக்கும்போது ஒரு கல்லூரியில் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு. பெண்களுக்கு 30 இடம் ஒதுக்கியிருக்கிறார்களே, நல்லதுதானே என்று எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சொன்னார். அங்கேதான் எல்லோரும் குழம்பிப் போகிறார்கள். மகாராஷ்டிராவில் அரசு மருத்துவக் கல்லூரிகளில் பெண்களுக்கு 30 சதவீதம் உண்டு, அது குறைந்தபட்சம், அதற்குமேல் மார்க் இருந்தால் எத்தனை பெண்கள் வேண்டுமானாலும் வரலாம். புனேயில் 30 என்பது அதிகபட்சம். முப்பத்தோராவது பெண் எவ்வளவு மார்க் வாங்கினாலும், இன்டர்வியூவில் எவ்வளவு நன்றாகப் பேசினாலும், அவளுக்குக் கதவு மூடிவிடுகிறது, நூற்றுப் பதினைந்தாவது பையன் உள்ளே போகிறான். முதலாவது, தாழ்ந்தவர்களைத் தூக்கிவிடுகிற ஏற்பாடு. இரண்டாவது, முன்னால் வருகிறவர்களைப் பிடித்து நிறுத்துகிற ஏற்பாடு. இரண்டுக்கும் பெயர் ஒதுக்கீடு என்று இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

போர்முனைக்குப் போக வேண்டிய வேலை, எல்லை முகாம்களில் பெண் டாக்டரைப் போடுவது கஷ்டம், அதனால்தான் பையன்கள் அதிகம் வேண்டும் என்று ஒரு காரணம் சொல்லப்படுகிறது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சில இடங்களில் வசதி இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அதே கல்லூரியில் படித்த பெண்கள் எங்கெல்லாம் போயிருக்கிறார்கள் என்று பாருங்கள். திருப்பதியில் பிறந்து டெல்லியில் வளர்ந்த பத்மாவதி பந்தோபாத்யாய் அங்கே படித்தவர்தான், இந்திய விமானப்படையின் முதல் பெண் ஏர் மார்ஷல் ஆனார். 2004இல் லெப்டினன்ட் ஜெனரல் ஆன முதல் பெண் புனிதா அரோரா, அவரும் அங்கே படித்து, பின்னால் அந்தக் கல்லூரிக்கே தலைமை தாங்கினார். 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி தரைப்படை மருத்துவச் சேவைகளின் டைரக்டர் ஜெனரலாக சாதனா சக்சேனா நாயர் வந்தார், அக்டோபர் 1ஆம் தேதி முப்படைக்கும் சேர்த்து மருத்துவச் சேவைகளின் டைரக்டர் ஜெனரலாக ஆரத்தி சரின் வந்தார், இரண்டு பதவியிலும் முதல் பெண்கள், இரண்டு பேரும் புனேயில் படித்தவர்கள். சில இடங்களில் வசதி இல்லையென்றால் வசதி செய்வதுதானே முறை, வாசலிலேயே எண்ணி நிறுத்துவது எப்படி முறையாகும்?

ராணுவத்தின் மற்ற கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருக்கின்றன. 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு தரைப்படையில் பெண்களுக்கு நிரந்தரப் பணி கிடைத்தது. தேசியப் பாதுகாப்பு அகாடமியில் 2022இல் பெண்கள் சேர்ந்தார்கள், 2025 மே மாதம் 17 பேர் படித்து முடித்து வெளியே வந்ததை டிவியில் பார்த்தோம், அந்த அகாடமியும் புனேயில்தான். அப்புறம் 2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி வந்த தீர்ப்பு. ராணுவச் சட்டப் பிரிவில் 9 இடத்தை ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 3 என்று பிரித்திருந்தார்கள், அதிக மார்க் வாங்கியும் வெளியே நின்ற பெண்கள் வழக்குப் போட்டார்கள், அப்படிப் பிரிப்பது செல்லாது, ஆண் பெண் எல்லோருக்கும் சேர்த்து ஒரே தகுதிப் பட்டியல் போடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது என் மகள் அதைக் கத்தரித்துப் பாடப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். சட்டப் பிரிவும் மருத்துவக் கல்லூரியும் ஒன்றல்ல, நான் வக்கீலும் இல்லை. ஆனால் 6க்கு 3 சரியில்லை என்றால் 115க்கு 30 எப்படிச் சரி என்பதை யாராவது எங்களுக்கு விளங்கச் சொல்ல வேண்டும்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. 145 இடத்துக்கும் ஒரே தகுதிப் பட்டியல் போடட்டும். ஒரே நாளில் முடியாதென்றால் ஹாஸ்டல் கட்டக் கட்ட, ஆண்டுக்கு இத்தனை என்று கூட்டிக்கொண்டு போகட்டும், அதை எத்தனை ஆண்டில் செய்வோம் என்று எழுத்தில் சொல்லட்டும். அதுவரைக்கும் ஆண்கள் கட்-ஆஃப் எவ்வளவு, பெண்கள் கட்-ஆஃப் எவ்வளவு, கூப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டு, விண்ணப்பிக்கும் பக்கத்திலேயே தெரிகிற மாதிரி வைக்கட்டும். பெண் பிள்ளைகள் தங்களுக்கு எவ்வளவு மார்க் வேண்டும் என்று தெரிந்து விண்ணப்பிப்பார்கள், எங்களை மாதிரி புனேயில் ரூம் தேடமாட்டார்கள்.

இது பாதுகாப்பு அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. மும்பையில் உட்கார்ந்துகொண்டு நான் யாரைப் போய்ப் பார்ப்பது? தமிழ்நாட்டு எம்.பி.க்கள் நீட் பற்றி நாடாளுமன்றத்தில் அடிக்கடி பேசுகிறார்கள், அவர்களில் ஒருவராவது இதைக் கேள்வி நேரத்தில் கேட்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன். இதே மாதிரி மார்க் இருந்தும் அழைப்பு வராத பெண் பிள்ளைகள் சென்னையில், கோவையில், பெங்களூரில் இருப்பார்கள். அந்த வீடுகளிலிருந்தும் இந்தப் பகுதிக்கு எழுதுங்கள், ஒரு கடிதத்தை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

வருகிற வியாழக்கிழமை அந்தப் பையனுக்கு இன்டர்வியூ. தினமும் சாயங்காலம் வருகிறான். என் மகள்தான் இன்னமும் அதிகாரி மாதிரி உட்கார்ந்து கேள்வி கேட்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ஆண்டாப் ஹில், மும்பை